கர்னல் மட்டைக்குத் தண்டு மாற்றிய கதை

நீலகிரிச் சரிவு ஒன்றில் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே ஆல்துரை, சவரிமுத்து, குப்புராஜ் என்று மூன்று பேர் மட்டைப் பை சுமந்துகொண்டிருந்தார்கள். மூவருக்கும் மூளை உண்டு. வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆல்துரைக்குக் கொஞ்சம் மிடுக்கு அதிகம். அங்கே ஆட வரும் கர்னலின் பை அவன் தோளில்தான் தொங்கும், வேறு எவனும் கிட்டே போக முடியாது.

அந்தப் பைக்கே ஆபத்து வந்தது. மரத்தில் தொங்கிய பட்டர் புரூட்டைப் பறிக்க ஆல்துரை கர்னலின் பெரிய மட்டையை எடுத்து எக்கினான். பழம் அப்படியே இருந்தது. மட்டைத் தண்டு இரண்டாகப் போயிற்று. கர்னல் கத்தவில்லை. வீட்டில் கிடந்த புதுத் தண்டு ஒன்றைக் கொடுத்து, நாளைக் காலைப் போட்டிக்குள் மாட்டிக் கொண்டுவா, இல்லாவிட்டால் பை வேறு ஆளுக்கு என்றார். வெறுந்தோளோடு ஆல்துரை தெருவில் எப்படி நடப்பான்?

கோயம்புத்தூரில் மட்டை விற்கும் கடைக்காரர் ஒருவரைப் போனில் பிடித்தான். அவர் பொறுமையாகச் சொன்னார். மட்டைத் தலைக்குள் தண்டு செருகியிருக்கும் கழுத்தைச் சூடாக்கி, உடைந்த துண்டைத் திருப்பாமல் நேராக இழுக்க வேண்டும். புதுத் தண்டைப் பசை போட்டுச் செருகி, காய்கிற வரை அசைக்காமல் வெயிலில் வைக்க வேண்டும். கடைசியில், ஆள் பக்கத்தில் நின்றால் தொப்புளுக்கு வருகிற மாதிரி மேலே வெட்டிவிட வேண்டும்.

ஆல்துரை வீட்டு அடுப்பில் கழுத்தைக் காட்டினார்கள். குப்புராஜ் மட்டையைச் சாக்கால் பிடித்துக்கொள்ள, சவரிமுத்து துண்டை இழுத்தான். உடனே கழன்றுவிட்டது. ஆனால் நேராக இழு என்றுதான் உத்தரவு, நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. சவரிமுத்து துண்டோடு பின்னாலேயே நடந்து, பக்கத்து வீட்டுக் கேரட் பாத்தியை மிதித்துக் கடந்து, வேலியில் முதுகு இடித்துத்தான் நின்றான். இம்மிகூடத் திரும்பவில்லையே என்று ஆல்துரை மனசாரப் பாராட்டினான்.

பசை போட்ட மட்டையை வாசலில் ஒரு பெஞ்சின் மேல், செங்கல்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தார்கள். மலை வெயில் ஓரிடத்தில் நிற்குமா? சற்று நேரத்தில் நிழல் வந்தது.

"வெயில் நகந்துருச்சு, நாம நகத்தக் கூடாது," என்றான் குப்புராஜ், முகம் வாடி.

ஆல்துரை ஆழ்ந்து யோசித்தான். "மட்டையைத்தான் அசைக்கக் கூடாதுன்னாரு. பெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே."

பெஞ்சைத் தூக்கினார்கள். வெயில் போன பக்கமெல்லாம் மூவரும் போனார்கள். ரேஷன் கடை வாசலில் ஒரு அம்மா ஏதோ சாமி வருகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

சாயங்காலம் அளவெடுக்க வேண்டும். பசை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தால் அசையும், ஆகவே தொடவில்லை. மட்டை பெஞ்சு மேலேயே நிற்க, கர்னல் உயரமுள்ள குப்புராஜ் தரையில் நின்று சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினான். அதற்கு நேராக ஆல்துரை ரம்பத்தால் அறுத்தான். வேலை சுத்தமாக முடிந்தது.

வீட்டுக்குப் போய் மட்டையைத் தரையில் ஊன்றினார்கள். தொடையில் பாதிக்குத்தான் வந்தது. ஒரு பெஞ்சு உயரம் எங்கே போனது என்று மூவருக்கும் புரியவில்லை. ஆல்துரை தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான்.

"பந்தைப் பெஞ்சு மேல வெச்சு அடிக்கச் சொல்லலாமே," என்றான் சவரிமுத்து.

"அடிச்ச பந்து போய் விழுந்த எடத்துல அதைத் தொடக் கூடாதுடா, அது விதி," என்றான் குப்புராஜ்.

"ஆளைத் தொடக் கூடாதுன்னு விதி இருக்குதா?"

"இல்ல."

"அப்ப ஆளை எறக்கிருவோம்."

விடிவதற்குள், முதல் அடி அடிக்கிற இடத்தில் பெஞ்சு உயரத்துக்கு ஒரு குழி தயாராகிவிட்டது.

கர்னல் வந்தார். மட்டையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. ஆனால் எதிராளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை சுமக்கிறவன் தன்னைக் கோமாளியாக்கிவிட்டான் என்று அவர்கள் முன்னால் காட்டிக்கொள்ள முடியுமா? தானே சொல்லி வெட்டவைத்ததுபோல மீசையை நீவிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். ஓங்கி ஒரு அடி அடித்தார்.

பந்து பறந்தது. கர்னல் ஆயுசிலேயே அவ்வளவு தூரம் அடித்ததில்லை. இனி இந்தப் பையை ஆல்துரையைத் தவிர எவனும் தொடக் கூடாது என்று அங்கேயே அறிவித்தார். ஆல்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த அடிக்குப் பந்து கிடக்கும் இடத்தில் இன்னொரு குழி வெட்டலாம் என்று சவரிமுத்து மண்வெட்டியைத் தூக்கினான். ஆல்துரை தடுத்தான்.

"புதுக் குழி எப்படி அமையுமோ என்னவோ. இது சாருக்குக் கச்சிதமா இருக்குது. இதையே கொண்டுபோயிரலாம்."

குழி உடையாமல் பெயர்த்தெடுக்க மூவரும் சுற்றிலும் தோண்ட ஆரம்பித்தார்கள். கர்னலும் வெளியே வரவில்லை. ஓரம் சரியாமல் வெட்டுங்கடா என்று உள்ளே நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.