கடலில் இருப்பவரைக் கூப்பிடாத ஊர்

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் மனிதனுக்கு வழி சொன்னதெல்லாம் முடிந்து, போன் வழி சொல்லத் தொடங்கியிருந்தது. அப்போது சிப்பிக்குடா என்ற கடற்கரை ஊரில் கயத்தான், இன்னாசி என்று இரண்டு மீனவர்கள் இருந்தார்கள். இன்னாசியின் அக்கா செலஸ்தீனைத்தான் கயத்தான் கட்டியிருந்தான். ஆளுக்கொரு வள்ளம், ஆளுக்கொரு போன்.

ஊரில் அப்போது இரண்டு வகைப் போன்கள் இருந்தன. ஒன்றில் எத்தனை வேலையைத் திறந்துவிட்டாலும் அத்தனையும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தூங்காப் போன் என்றார்கள். இன்னொன்றில் கண்ணெதிரே இருக்கும் வேலைதான் வேலை. திரையை விட்டு நகர்ந்ததை அது உறங்க வைத்துவிடும். இடம் பற்றாமல் போனால் அடியோடு மறந்தும் விடும். அதற்கு உறங்கு போன் என்று பேர்.

கயத்தான் வைத்திருந்தது தூங்காப் போன். மேப், காற்றுச் செய்தி, பாட்டு, ஏலக்கூடத்து விலை எல்லாம் அதில் ஒரே நேரத்தில் ஓடும். இன்னாசியின் உறங்கு போனைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். ஒரு கையால் துடுப்பும் மறு கையால் வலையும் பிடிக்கத் தெரியாதவனுக்குத்தான் அது லாயக்கு என்பான். இன்னாசி விடமாட்டான். உன் போன் மத்தியானத்துக்குள் செத்துவிடும், என்னுடையது இரண்டு நாள் தாங்கும் என்பான். வலை காயப்போடும் இடத்தில் இந்தப் பேச்சுக்கென்றே நாலு பேர் கூடுவார்கள். செலஸ்தீனுக்கு இரண்டு பேர் பேச்சும் அலுத்துப்போயிருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் கயத்தான் தனியாகப் போனான். கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல். இன்னாசி அன்று கடலுக்குப் போகவில்லை. பகல் இரண்டு மணிக்கு அவனுக்குப் போன் வந்தது.

"மாப்ள, இஞ்சின் நின்னுட்டு. வள்ளத்துக்குள்ள தண்ணி ஏறுது. நம்பர் சொல்லுதேன், போட்டுக்கோ."

கயத்தான் தான் இருக்கும் இடத்தின் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். இன்னாசி கேட்கக் கேட்க மேப்பில் போட்டான். கடைசி எண்ணைத் திரும்பக் கேட்பதற்குள் பேச்சு அறுந்துவிட்டது. பகலெல்லாம் எல்லா வேலையும் செய்த கயத்தானின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஆனாலும் மேப்பில் சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அது போதும் என்று இன்னாசி ஓடிப்போய் வள்ளத்தைத் தள்ளினான். எண்களை எங்கும் எழுதவில்லை.

தென்மேற்குக் காற்று பலமாக இருந்தது. அவன் புள்ளியைப் பார்த்தே வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போனான். பாதி வழியில் செலஸ்தீன் கூப்பிட்டாள். எடுத்து, போய்க்கொண்டிருக்கிறேன் என்றான். மறுபடி கூப்பிட்டாள். நான்காவது தடவை அவள் குரல் உடைந்திருந்தது.

"நீ சொல்றத நம்ப முடியல தம்பி. கடலக் காட்டு. நான் பாக்கணும்."

மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. வீடியோவைப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் காட்டினான். கரையில் அவள் அந்தச் சின்னத் திரைக்குள் புருஷனைத் தேடினாள். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

அவன் மேப்புக்குத் திரும்பினான். அது உறங்கவில்லை, மறந்தே போயிருந்தது. புதிதாகத் திறந்தது. நீலத் திரையில் அவன் வள்ளம் மட்டும் நின்றது. சிவப்புப் புள்ளி இல்லை.

எட்டு, ஐம்பத்திரண்டு என்பது அவனுக்கு நினைவில் இருந்தது. எழுபத்தெட்டும் இருந்தது. அதற்குப் பிறகு கயத்தான் சொன்னது பத்தொன்பதா, இருபத்தொன்பதா? இரண்டுக்கும் நடுவில் பத்து மைல் கடல். அவன் பத்தொன்பதுக்குப் போனான். அங்கே வெறும் அலைதான் இருந்தது. அங்கிருந்து இருபத்தொன்பதுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க் கேன் ஒன்று மிதந்தது. அதில் கயத்தானின் வள்ளத்து நம்பர் இருந்தது. இன்னாசி தொண்டை கட்டும்வரை பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

மறுநாள் முப்பது வள்ளங்கள் போயின. ஐந்து நாள் தேடினார்கள். வேறெதுவும் கிடைக்கவில்லை. உடம்பில்லாமலே கோயிலில் பூசை வைத்தார்கள்.

பூசை முடிந்து வந்த அன்று செலஸ்தீன் தம்பியை உட்கார வைத்து, நேரே ஏன் இருபத்தொன்பதுக்குப் போகவில்லை என்று கேட்டாள். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் அவன் நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. புள்ளி போனதைச் சொன்னான். எப்படிப் போனது என்று அவள் கேட்டாள். அதையும் சொன்னான்.

"நான் கூப்பிடாம இருந்திருந்தா?"

"அக்கா, நான் எழுதி வச்சிருக்கணும்."

"அதக் கேக்கல. நான் கூப்பிடாம இருந்திருந்தா?"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். அவள் எழுந்து உள்ளே போனாள். அதன்பின் அவள் போனைக் கையால் தொடவில்லை. எந்தப் போன் நல்லது என்ற பேச்சும் ஊரில் நின்றுபோனது. இரண்டு வகையும் ஒரே ஆளைத்தான் கொண்டுபோயிருந்தன.

யாரும் கட்டளை போடவில்லை. பங்குச் சாமியாரும் எதுவும் சொல்லவில்லை. பெண்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். அதனால் எவரும் பிழைத்து வந்ததாக இதுவரை கேள்வியில்லை. அதற்குப் பிறகும் கடல் மூன்று பேரை எடுத்துக்கொண்டது. ஆனாலும் அன்று முதல்தான் சிப்பிக்குடாவில், எவ்வளவு காற்றடித்தாலும், கடலுக்குள் இருக்கும் ஆளைக் கரையிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை.