குவிரனின் கடைசி உருட்டல்

"எனக்குத் தலையை மழித்துவிடுங்கள் அடிகளே. இனி ஊருக்குத் திரும்பமாட்டேன்" என்றான் அந்துவன்.

குன்றின் குகையில் இருந்த துறவி அவனைவிட இளையவள். அவனுக்கோ தாடி நரைத்திருந்தது.

"என்ன செய்தாய்?"

"சூதாடினேன். ஆட்டத்தில் தகராறு. பலகையைத் தூக்கி அடித்துவிட்டேன். குவிரன் செத்துப்போனான். சின்ன வயதிலிருந்து என் நண்பன்."

"ஊர் என்ன சொன்னது?"

"என்மேல் குற்றமில்லை என்றது. விழுந்த பகடைக் கவறை அவன் விரலால் புரட்டினான். சூதில் கள்ளம் செய்தவனை அடித்துக் கொன்றாலும் எங்கள் ஊர் மன்றத்தில் தண்டனை கிடையாது."

"யார் பார்த்தார்கள்?"

"நாங்கள் இருவர்தான் இருந்தோம்."

துறவி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"குற்றமில்லை என்றால் இங்கே ஏன் வந்தாய்?"

"சோறு இறங்கவில்லை. பலகையை ஆற்றில் எறிந்தேன். கவறைத் தொடுவதே இல்லை. அப்படியும் இறங்கவில்லை."

"அந்த ஆட்டம் முடிந்ததா?"

"அவனே செத்துவிட்டான். எப்படி முடியும்?"

"முடித்துவிட்டு வா. மழிக்கிறேன்."

"யாரோடு ஆடுவது?"

"அவனுக்கு யாருமே இல்லையா?"

அந்துவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா இருக்கிறார். கண் தெரியாதவர்."

துறவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

*

குவிரனின் தந்தை உதிரனார் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து தக்களியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார்.

"யாரது?"

அந்துவன் இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தான்.

"அந்துவனா? நடையிலேயே தெரிந்தது. பாதி நாள் இந்த வீட்டில்தானே சாப்பிட்டு வளர்ந்தாய்."

"ஐயா, ஒரு ஆட்டம் ஆட வந்தேன்."

தக்களி நின்றது. கல்லை எடுத்து எறிவார் என்று அந்துவன் நினைத்தான். விலகவில்லை.

"பலகை சுவரோரம் இருக்கிறது. தூசி தட்டி எடுத்து வா" என்றார் அவர்.

அவருடைய சுடுமண் காய்களின் தலையில் சின்ன வெட்டு இருந்தது. தடவிப் பார்த்து நகர்த்துவதற்காகக் குவிரன் போட்ட வெட்டு.

"விழுவதை நீ சொல்" என்று கவறை உருட்டினார்.

விழுந்தது இரண்டு.

"நான்கு" என்றான் அந்துவன்.

உதிரனார் காயைத் தொடவில்லை. குனிந்து, எலும்புக் கவறின் மேற்புறத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினார். குழிகள் இரண்டுதான்.

"எனக்கு விட்டுக்கொடுக்கிறாயா?"

உதிரனார் தலையை அசைத்தார்.

"அவன் விட்டுக்கொடுக்கமாட்டான். கிழவன், குருடன் என்றெல்லாம் பார்க்கமாட்டான். இரண்டு விழுந்தால் இரண்டுதான். அதனால்தான் அவனோடு ஆடினேன்."

காயை இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

"அவனைப் புதைத்த தாழியில் ஒரு கிண்ணம்கூட வைக்கவிடவில்லை. கள்ளனுக்கு எதற்கு என்றார்கள். வெறும் தாழியில் வைத்துத்தான் மண்ணைத் தள்ளினோம்."

அந்துவனின் கை கவறின் மேல் இருந்தது. அதை எடுத்து உருட்ட முடியவில்லை.

"அந்துவா, அன்று அவனுக்கு என்ன விழுந்தது?"

பக்கத்து வீட்டில் யாரோ தினை குத்திக்கொண்டிருந்தார்கள். அந்த உலக்கைச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"நான்கு ஐயா. ஆட்டம் அவனுக்குத்தான்."

"விரல் வைத்தானா?"

"வைக்கவில்லை. நான் தோற்றேன். அவன் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது."

உதிரனார் அழவில்லை. காய்களை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துத் துணியில் முடிந்தார். கடைசிக் காய் கைக்கு அகப்படாமல் பலகையெங்கும் துழாவினார். அந்துவன் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"இதை மன்றத்தில் சொல்வாயா?"

"சொன்னால் என் தலை போகும் ஐயா."

"போகும்."

தெருவின் கோடியில் ஆற்றுத்துறை தெரிந்தது. அக்கரைக்குப் போகும் தோணியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

உதிரனார் தரையில் கையூன்றி எழுந்தார். "இந்நேரம் மன்றத்தில் ஆட்கள் இருப்பார்கள். எனக்கு வழி தெரியாது. கூட்டிப்போக இருந்தவன் இல்லை. நீதான் கையைப் பிடிக்க வேண்டும்."

அந்துவன் தோணியைப் பார்த்தான். தோணிக்காரன் கயிற்றை அவிழ்த்தான்.

அந்துவன் கையைக் கொடுத்தான்.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் உதிரனார் நின்றார்.

"என்னடா, கை இப்படி நடுங்குகிறது?"

"பயமாக இருக்கிறது ஐயா."

அவர் பிடியைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"மெதுவாகவே போவோம்" என்றார்.