கை நீட்டிய பதுமையும் ஒரு பொய்க் கொண்டையும்

கேளுங்கள், கேளுங்கள். இடம் கிடைத்தவர்கள் உட்காருங்கள், கிடைக்காதவர்கள் அம்மா மடியில் ஏறிக்கொள்ளுங்கள்.

முன்னொரு காலத்தில், ஆறும் காடும் ஒட்டிக் கிடந்த அல்லிநாட்டில், ஆற்றங்கரையில் திடீரென்று ஒரு கேளிக்கைத் தோட்டம் முளைத்தது. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. வானத்தைத் தொடும் ராட்டினம் ஒரு பக்கம், வட்டமாக ஓடும் மரக்குதிரைகள் மறுபக்கம், கேட்டவருக்கெல்லாம் பொரி உருண்டை. இத்தனை இருந்தும் அங்கே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. கவனித்த ஒன்றிரண்டு பெற்றோரும், அப்பாடா, கொஞ்சம் அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள்.

வாசலில் ஒரு கருங்கல் பதுமை, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நின்றது. அதன் அருகில் தோட்டத்துச் சொந்தக்காரன் நெடுமாயன். அவன் தலைப்பாகை அவனைவிட உயரம். வருகிறவர்களிடமெல்லாம் அவன் பாடுவது ஒரே பாட்டு:

"கை தொட்டால் ராட்டினம், கை தொடாவிட்டால் குதிரை. அரசனோ ஆண்டியோ, எவனுக்கும் கை ஒன்றே."

அந்தத் தோட்டத்துக்கு ஓடக்காரர் வீட்டு மருதாயி தன் மூன்று பிள்ளைகளோடு வந்தாள். மூன்றும் மூன்று உயரம். மூத்தவள் செவ்வந்தி பனங்கன்று மாதிரி வளர்ந்தவள். கடைக்குட்டி சிட்டு இன்னும் இடுப்பை விட்டு இறங்காதவள். நடுவில் சாத்தன். தூக்கிக்கொள்ளச் சொன்னால் நீ பெரியவன் என்பார்கள், கூட வருகிறேன் என்றால் நீ சின்னவன் என்பார்கள். இரண்டுங்கெட்டான் வயசு.

செவ்வந்தி பதுமையின் கைக்கு அடியில் நின்றாள். தலை தொட்டது. சாத்தன் நின்றான். தொடவில்லை. ஒரு கொண்டை அளவு குறைந்தது.

அவன் மண்ணில் புரண்டு அழுதான். "அக்காவுக்கு மட்டும் எல்லாம். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு" என்றான். காலையிலிருந்து வெயிலில் மூன்றையும் இழுத்துக்கொண்டு திரிந்த மருதாயிக்குப் பொறுமை போய்விட்டது. மரத்தின் மறைவுக்கு அவனைக் கூட்டிப்போனாள். முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டி உச்சந்தலையில் வைத்தாள். ஓடக்காரப் பிள்ளைக்கே உரிய நீள முடியை அதன்மேல் இழுத்து முடிந்தாள். பெற்றவள் எவளும் செய்வதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுபடி நின்றான். கொண்டை தொட்டது. கல் விரல் ஒன்று லேசாக அசைந்ததுபோல இருந்தது. நெடுமாயன் சிரித்தான். "ஏறு தம்பி, ஏறு."

அக்காவும் தம்பியும் ஒரே தொட்டிலில் ஏற, ராட்டினம் சுற்றியது. மருதாயி சிட்டுவைக் குதிரையில் உட்காரவைக்கப் போனாள். குழந்தை வீரிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. குதிரைக்கு வயிறு சுடுகிறதாம். மருதாயி தொட்டுப் பார்த்தாள். மரம்தான், ஆனால் இளஞ்சூடாக இருந்தது. எல்லாக் குதிரைகளும் முழங்காலை மடக்கியே நின்றன. அவள் சிட்டுவை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

தொட்டில் ஒரு சுற்று முடித்துக் கீழே வந்தது. நெடுமாயன் பக்கத்தில் வந்து, "இவன் கை தொட்ட பிள்ளைதானே?" என்று கேட்டான். சுற்றிலும் ஊர்ச்சனம். "ஆமா" என்றாள் மருதாயி.

இரண்டாவது சுற்று. முதலில் பலகையில் ஊன்றியிருந்த சாத்தனின் கால்கள் இப்போது அந்தரத்தில் தொங்கின. கண்ணில் வெயில் அடிக்கிறது என்று நினைத்தாள். "இவன் கை தொட்ட பிள்ளைதானே?" நாலு பேர் முன்னால் மானம் போகுமே என்று பயந்து, "ஆமா" என்றாள்.

மூன்றாவது சுற்று. செவ்வந்தி தம்பியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். சாத்தன் சிட்டுவைவிடச் சின்னவனாகியிருந்தான். கொண்டை மட்டும் அதே அளவு. அவன் வாயைத் திறந்து கத்தினான், சத்தம் வரவில்லை.

அப்போதுதான் மருதாயி ராட்டினத்தின் நடுத்தூணை நிமிர்ந்து பார்த்தாள். தூண் முழுக்கச் சிறுசிறு மரப்பொம்மைகள். ஒன்றுக்கு உச்சிக்கொண்டை, ஒன்றுக்குத் துணி திணித்த தொப்பி, ஒன்றுக்குக் கட்டை வைத்த செருப்பு. அத்தனையும் யாரோ ஒரு தாய் அல்லது தகப்பன் ஆசையாய்ச் செய்துவிட்டது. எல்லாப் பொம்மைக்கும் வாய் திறந்திருந்தது. குதிரைகள் ஏன் முழங்காலை மடக்கின என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவை குள்ளமாக நடித்து நுழைந்த பெரிய பிள்ளைகள்.

"இவன் கை தொட்ட பிள்ளைதானே?" நெடுமாயனின் குரல் தேனாக ஒழுகியது.

"இல்ல" என்றாள் மருதாயி. ஊரே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். "எம்புள்ள குட்டை. கொண்டை நான் போட்டது. அவன்மேல தப்பில்ல, எம்மேலதான்."

ராட்டினம் கிறீச்சிட்டு நின்றது. செவ்வந்தி தம்பியைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கினாள். உலக்கையில் பாதி உயரம்கூட இல்லை அவன்.

நெடுமாயன் நிதானமாகச் சொன்னான்: "உண்மை சொன்னாய், நின்றது. போன உயரம் போனதுதான். பொய் எவ்வளவோ அவ்வளவு கழியும், அதற்கு 'ஆமா' போட்டால் சுற்றுக்குச் சுற்று பல மடங்காகும். அதுதான் இந்தக் கையின் சட்டம்."

மருதாயி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அவள் இடுப்பில் இருந்த சிட்டு மட்டும் அழவில்லை. வந்ததிலிருந்து அது ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா மட்டும் ஏன் கைக்கு அடியில வரல? சுத்திச் சுத்திப் போறாரு" என்றது.

நெடுமாயன் முகம் வெளுத்தது. மருதாயி அழுகையை நிறுத்தினாள். எவனுக்கும் கை ஒன்றே என்று காலையிலிருந்து பாடியவன் அவன்தானே! சாத்தனை மடியில் வாங்கிக்கொண்டு மூத்தவளைப் பார்த்தாள். சொல்லத் தேவையே இல்லை. செவ்வந்தி சிட்டுவைத் தோளில் ஏற்றினாள், நெடுமாயனை நோக்கி ஓடினாள். தனியாக இருந்தால் பெரியவளுக்கும் அந்தத் தலைப்பாகை எட்டாது, சின்னவளுக்கும் எட்டாது. ஒருத்தி மேல் ஒருத்தி இருந்தால் எட்டும். சிட்டு இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பற்றி இழுத்தாள். அது சரசரவென்று அவிழ்ந்தது. உள்ளே வெறும் காற்று.

வாசலில் கல் உரசும் சத்தம் கேட்டது. எத்தனையோ காலமாக நீட்டியே இருந்த பதுமையின் கை மெல்ல மடங்கியது. பிறகு நீண்டது. நீண்டுகொண்டே வந்தது, கூட்டத்தைத் தாண்டி, ராட்டினத்தைத் தாண்டி, ஓடப் பார்த்த நெடுமாயனின் தலைக்கு நேர்மேலே வந்து நின்றது.

தலைப்பாகை அவனைவிட உயரம் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? அவனிடமிருந்து அந்தப் பொய்யைக் கழித்தால் மிச்சம் என்ன? கை தாழ்ந்தது. ஒன்றும் மிச்சமில்லை.

தூண் பொம்மைகள் பொலபொலவென உதிர்ந்து பிள்ளைகளாக எழுந்தன. குதிரைகளும் பிள்ளைகளாகி, முழங்காலைத் தடவிக்கொண்டு அம்மாவைத் தேடின. மருதாயியின் மடி கனத்தது, இன்னும் கனத்தது. சாத்தன் பழையபடி சாத்தனாகி, "அம்மா, கால் மரத்துப்போச்சு" என்றான். அவள் அவன் கொண்டையை அவிழ்த்து, துணிச்சுருளை ஆற்றில் எறிந்தாள்.

ராட்டினமும் குதிரை மேடையும் புகையாய்க் கரைந்தன. பதுமை மட்டும் பழைய இடத்தில், பழையபடி கையை நீட்டி நின்றது. வெளியே வரும்போது சாத்தன் தயங்கித் தயங்கி அதன் அடியில் போய் நின்றான்.

"தொடுதாம்மா?"

மருதாயி குனிந்து, அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, நன்றாகப் பார்த்தாள். "இல்லடா. தொடல" என்றாள்.

அவன் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தான். அந்தத் தோட்டத்தில் கேட்ட முதல் பிள்ளைச் சிரிப்பு அதுதான். உடனே அக்கா சிரித்தாள், சிட்டு சிரித்தது, பொம்மையாய் இருந்த பிள்ளைகளெல்லாம் சிரித்தன. ஆற்றங்கரை அதிர்ந்தது, ஒரு பெற்றோரும் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.

அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள், நம் கதையும் கரை சேர்ந்தது.