சுருட்டை முடிக்கு ஒரு வருஷம்

ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. துறவு கேட்டு வந்தவளுக்கு நாற்பத்தாறு. குரு அவளை அக்கா என்று கூப்பிட்டார். அவள் குருவை அம்மை என்று கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் எதுவும் இருக்கவில்லை.

குருவின் பெயர் பொன்னம்பலத்தாள். வந்தவள் சங்கரவடிவு, வேறொரு ஊர் நூலகத்தில் வேலை பார்ப்பவள். இரண்டு வருஷமாக விடுமுறை நாளெல்லாம் மடத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"அம்மை, எனக்குத் துறவு கொடுங்க."

"என்னத்த விடப் போறீங்க?"

"எல்லாத்தையும்."

"முதல்ல எது?"

சங்கரவடிவு யோசிக்கவே இல்லை. தலையில் கை வைத்தாள்.

"இந்த முடி. இன்னைக்கே மழிச்சிருங்க."

துறவு கொள்கிறவர்களுக்குக் குருவே தலை மழித்துவிடுவது அந்த மடத்து வழக்கம். கத்தி உள்ளே இருந்தது. பொன்னம்பலத்தாள் எழுந்திருக்கவில்லை.

"அவுத்துக் காட்டுங்க."

வடிவுக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷமாக அந்த முடியை அவள் தெரிந்தவர் யார் முன்னாலும் அவிழ்த்ததில்லை. எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, இழுத்துக் கொண்டை போட்டு, அதன் மேல் வலை மாட்டி, சுற்றிலும் ஊசி குத்தி வைத்திருப்பாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். முடி தோளில் வந்து விழவில்லை. காதுக்கு இரண்டு பக்கமும் பம்மென்று விரிந்து நின்றது. அலை அலையான சுருள் இல்லை அது. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல இழைக்கு இழை இறுகிச் சுருண்டது.

அந்த முடியால் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரட்டை என்று பெயர். நேராக வளரட்டும் என்று அவளுடைய அம்மா மூன்று முறை மொட்டை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் அதே சுருள்தான் வந்தது. பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள் கொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "பிள்ளைகளுக்கும் இதேதான வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியாக ஒரு பார்லரில் சூடு வைத்து நேராக்கினாள். நாலு மாதத்தில் வேரில் சுருளும் நுனியில் வைக்கோலுமாக ஆயிற்று. காதோரம் சுட்ட தழும்பு அப்படியே தங்கிவிட்டது.

"இத ஏன் மழிக்கணும்?" என்று பொன்னம்பலத்தாள் கேட்டார்.

"கண்ணாடியில பாத்தாலே எனக்கு வெறுப்பா இருக்கு அம்மை."

"அப்ப வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"வீட்டுக்குப் போங்க. ஒரு வருஷம் இந்த முடியக் கவனிங்க. வேற ஜபம், தியானம் ஒண்ணும் வேண்டாம். வருஷம் முடிஞ்சு வாங்க. நானே மழிக்கேன்."

"எப்படிக் கவனிக்க?"

பொன்னம்பலத்தாள் தம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"என்கிட்டயா கேக்குதீங்க?"

வடிவு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டு முழுகி, முடி நன்றாகக் காய்ந்த பிறகு சீப்பை உச்சியில் வைத்து இழுத்தாள். சீப்பில் இரண்டு பல் உடைந்தது. கையோடு வந்த முடியைக் காகிதத்தில் பொதிந்து, மறுநாளே மடத்துக்குக் கொண்டுபோய்க் குருவுக்கு முன்னால் வைத்தாள்.

"கவனிச்சேன். இவ்வளவும் வந்துட்டு."

"வலிச்சுதா?"

"உயிர் போச்சு."

"உங்களுக்கு வேண்டிய புள்ளைக்குச் சிக்கெடுத்தா இப்படித்தான் இழுப்பீங்களா?"

"அதெப்படி இழுப்பேன்? அழுமே."

"சரி. போயிட்டு வாங்க அக்கா."

திரும்பி வரும் வழியெல்லாம் வடிவுக்குக் கோபம். இதற்கா ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தோம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்தும் மூன்று நாள் முடியைத் தொடவில்லை. நாலாம் நாள் கொண்டையை அவிழ்த்து, முடியைத் தண்ணீரில் நனைத்தாள்.

சரியாகப் பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. காய்ந்த முடியில் சீப்பைக் கொண்டு போகவே கூடாது என்பது முதலில் தெரிந்தது. நூலகத்துக்குப் பின்னால் செம்பருத்திச் செடி இருந்தது. அதன் இலையைக் கசக்கினால் வரும் கொழகொழப்பை ஈர முடியில் பூசினால் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. தலையை நாலு பாகமாகப் பிரித்து மூன்றை முடிந்து வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வாள். நுனியில் தொடங்கி மேலே மேலே போக வேண்டும். முடிச்சு வந்தால் விரலால் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அகலப் பல் சீப்பு. ஈரம் போவதற்குள் நாலு சொட்டு எண்ணெய் போதும். துண்டால் துவட்டினால் முடி சிலும்பியது. பழைய வேட்டித் துணியால் ஒற்றினால் சிலும்பவில்லை. ஈரத்தோடு இரண்டிரண்டு புரியாக முறுக்கி விட்டு, மறுநாள் அவிழ்த்தால் சுருள்கள் தனித்தனியாக நின்றன.

இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் ஆயிற்று. முதலில் எரிச்சலோடு உட்காருவாள். பிறகு எரிச்சல் இல்லாமல் உட்கார்ந்தாள். எப்போது மாறியது என்று அவள் கவனிக்கவில்லை.

ஆறாம் மாதம் இடது காதுக்குப் பின்னால் ஒரு இடத்தில் மட்டும் சுருள் இன்னும் பொடியாக, கடுகுபோல இருப்பதைக் கண்டாள். அந்த இடத்துக்கு இலைச்சாறு கூடுதலாக வேண்டியிருந்தது. நாற்பத்தாறு வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அடுத்த வீட்டுச் செல்லக்கனி உறைமோர் கேட்டு வந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பரட்டை என்ற பெயரை முதலில் வைத்தவளே அவள்தான். அவிழ்ந்து நின்ற முடியைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இது உன் முடியா?"

"வேற யாரு முடி?"

செல்லக்கனி கையை நீட்டிக்கொண்டு வந்தாள். வடிவு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டுட்டுத் தொடு."

"என்னத்தக் கேக்க? நம்ம பரட்டைதான?"

"கேளு."

செல்லக்கனி சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை.

"தொடட்டா?" என்றாள் செல்லக்கனி.

"கையக் கழுவிட்டு வா."

மறுநாள் வடிவு கொண்டை போடாமல் நூலகத்துக்குப் போனாள். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் அவள் பயந்துகொண்டிருந்தது அவ்வளவுக்குத்தான்.

ஒரு வருஷம் முடிந்தது. வடிவு மடத்துக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தாள். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் ஆயிற்று. மடத்திலிருந்து ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை. துறவு வேண்டாம் என்று மனசு சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அப்படியும் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் நாள் பஸ் ஏறினாள்.

பொன்னம்பலத்தாள் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. படித்துறையில் அவளை உட்காரவைத்து, ஒரு செம்பில் வெந்நீரும் கத்தியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"வர மனசில்ல அம்மை," என்றாள் வடிவு.

"ம்."

"இத விட மனசில்ல."

"துறவு?"

"அதுவும் வேணும். அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு."

"பன்னிரண்டரைக்கு பஸ் வரும் அக்கா. ஏறிப் போனாலும் ஒரு குத்தமும் இல்ல. எப்பவும் போல வந்து போய்க்கிடலாம். மழிச்சாத்தான் இங்க சோறுன்னு கிடையாது."

இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தின் மேல் பஸ் வந்து நின்றது. யாரோ இரண்டு பேர் ஏறினார்கள். கண்டக்டர் விசிலடித்தார். பஸ் போய்விட்டது.

வடிவு செம்பை எடுத்து முடியை நனைத்தாள். நாலு பாகமாகப் பிரித்தாள். நுனியில் தொடங்கி, விரலால் ஒவ்வொரு சிக்காக எடுத்தாள். காதுக்குப் பின்னால் இருந்த பொடிச் சுருளுக்குக் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டாள். மழிக்கப்போகிற முடிக்குச் சிக்கெடுப்பானேன் என்று பொன்னம்பலத்தாள் கேட்கவில்லை. காத்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து வடிவு குனிந்தாள்.

"எடுங்க அம்மை."

மழித்த முடியைப் படித்துறையிலேயே விழவிட்டுப் பிறகு கூட்டித் தள்ளுவதுதான் அங்கே வழக்கம். பொன்னம்பலத்தாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். ஒவ்வொரு கொத்தாகக் கத்தி எடுத்துத் தர, ஒவ்வொரு கொத்தையும் அதில் வாங்கி வைத்தார். வடிவு அழுதாள். கத்தி நிற்கவில்லை.

முடிந்ததும் வடிவு தலையைத் தடவிப் பார்த்தாள். ஆற்றுக்காற்று நேராகத் தோலில் பட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்ட அன்னைக்கே மழிச்சிருந்தா எனக்கு இப்படி வலிச்சிருக்காதே அம்மை."

பொன்னம்பலத்தாள் துண்டின் நாலு முனையையும் சேர்த்து முடிந்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"வலிச்சிருக்காது அக்கா. அன்னைக்கு நீங்க இதத் தூக்கிப் போட வந்தீங்க."