கூழைக்கடாவின் இடது கால்

செங்குளம் வற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வெகுதூரத்தில் இருந்த பெரிய ஏரியில் தண்ணீர் தளும்பியது. நடுவில் முழுக்க முள்காடு. தவளைகள் தத்தித் தத்திப் போனால் பாதி வழியிலேயே வறுபட்டுப் போகும். அதனால் திருமேனி என்ற கூழைக்கடா தன் அலகுப் பையில் தண்ணீர் நிரப்பி, அவற்றை ஏற்றிக்கொண்டு பறந்தது. பசியோடு இருக்கும்போது பயணிகளை ஏற்றுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தது. நல்ல விதிதான்.

திருமேனி ஏரியில் இறங்குவது பார்க்க அழகு. இரண்டு கால்களையும் முன்னால் நீட்டும். விரல்களுக்கு நடுவே உள்ள தோல் விரியும். அதைத் தண்ணீரில் ஊன்றிச் சறுக்கி, மெல்ல வேகம் குறைந்து நிற்கும். நிற்கும்வரை யார் பொறுத்தார்கள்? கால் தண்ணீரைத் தொட்டதுமே தவளைகள், "இறங்கியாச்சு! இறங்கியாச்சு!" என்று எழுந்து, ஒன்றன் தலையில் ஒன்று ஏறி, அலகு வாசலில் முண்டியடிக்கும். "உட்காருங்கய்யா!" என்று திருமேனி கத்தும். வாய் நிறையத் தவளை இருப்பதால் அது யாருக்கும் புரியாது.

கரையில் கொடுக்கி என்று ஒரு நண்டு இருந்தது. திருமேனி ஒவ்வொரு தடவை இறங்கியதும், காலைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம் பார்ப்பது அதன் வேலை. "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால் திருமேனி, "ஒண்ணுமில்லை" என்று சொல்லும். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டாலும் அதே பதில்தான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே!

அன்று கடைசி நடை மட்டும் பாக்கி. மரகதம் என்ற தவளை முதலிலேயே வந்து, ஏரியில் நிழலான இடமாகப் பிடித்து வைத்திருந்தது. அதன் முப்பது தலைப்பிரட்டைகளும் செங்குளத்தில் மிஞ்சியிருந்த கையளவுத் தண்ணீரில் கிடந்தன. அவற்றைத்தான் இனிக் கொண்டுவர வேண்டும். மரகதத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொடுக்கி காலைப் பார்த்தது. "அண்ணே, இடது கால்ல முள் ஏறியிருக்கு! தோல் கிழிய ஆரம்பிச்சிருக்கு!"

"ஒண்ணுமில்லை."

"நீங்க குனிஞ்சு பார்க்கவே இல்லையே!"

"பறக்கிறது இறக்கையா, காலா? மேலே போனா கால் சும்மா தொங்கிக்கிட்டுத்தான் வருது!"

"இறங்கும்போது?"

"காலையிலேர்ந்து ஆறு தடவை இறங்கியாச்சு! என்ன ஆச்சு?"

மரகதம் குறுக்கே பாய்ந்தது. "என் பிள்ளைங்க அங்கே வெந்துக்கிட்டிருக்குங்க! வைத்தியம் பார்க்கிற நேரமாடி இது? நகரு!"

"முள்ளை எடுத்துட்டுப் போகட்டும்னுதானே சொல்றேன்!"

"நேரமில்லை!" என்று இரண்டும் சேர்ந்து சொல்லின.

நண்டு மறுபடி முள்ளைச் சொன்னது. கூழைக்கடா மறுபடி இறக்கையைச் சொன்னது. மரகதம் மறுபடி பிள்ளைகளைச் சொன்னது. பாறையின் நிழல் ஒரு சாண் நகரும்வரை மூன்றும் நேரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தன. பிறகு திருமேனி முள்ளோடு பறந்துபோனது.

தலைப்பிரட்டைகளை அள்ளிக்கொண்டு நல்லபடியாகத்தான் திரும்பி வந்தது. கால்களை நீட்டியது. தண்ணீரைத் தொட்டது. தலைப்பிரட்டைகளுக்குக் கால் கிடையாது என்பதால் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அப்போதுதான் பயணிகள் ஒழுங்காக இருந்தார்கள்.

'டர்ர்ர்' என்று இடது காலின் தோல் கிழிந்தது. வலது கால் தண்ணீரைப் பிடித்தது. இடது கால் பிடிக்கவில்லை. திருமேனி அப்படியே வலப்பக்கம் சுழன்று கரைப் பாறையில் போய் மோதியது. அலகு திறந்துகொண்டது. முப்பது பிள்ளைகளும் கொதிக்கிற பாறைமேல் சிதறின.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று மரகதம் அலறியது.

கரையில் இருந்த தவளைகள் எல்லாம் ஓடிவந்தன. முன்னங்காலால் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் தள்ளின. கொடுக்கால் தொட்டால் நறுக்கென்று போய்விடும் என்று, நண்டு திரும்பி முதுகால் தள்ளியது.

மரகதம் தண்ணீருக்குள் இறங்கி எண்ணியது. இருபத்தேழு. மறுபடி எண்ணியது. அப்போதும் இருபத்தேழுதான். மற்ற மூன்றும் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவை அசையவில்லை.

திருமேனி யாரும் கேட்காமலே இடது காலைத் தூக்கிக் காட்டியது. கொடுக்கி கொடுக்கை நுழைத்து ஒரு இழு இழுத்தது. முள் வந்துவிட்டது.

மரகதம் அந்த முள்ளையே பார்த்தது. "எடுக்கிறதுக்கு இவ்வளவு நேரம்தானா?" என்று கேட்டது.

"இவ்வளவுதான்."

"நான் உன்னைத் திட்டின நேரத்துல…" என்று ஆரம்பித்த மரகதம், பாறையில் கிடந்த மூன்றின் பக்கம் திரும்பியது.

அவசரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரிந்த பழுதைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.