அமைதியில் சரிபாதி

கோணக்கரையில் யாரைக் கேட்டாலும், முட்டாள்கள் எல்லாரும் பக்கத்து ஊர் எட்டுக்கல்லில் இருக்கிறார்கள் என்பார்கள். எட்டுக்கல்லில் கேட்டால் கோணக்கரைக்கு வழி காட்டுவார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே கண்மாய், அதற்கு ஒரே மடை. தண்ணீரை யார் முதலில் திறந்துகொள்வது என்று இரண்டு வருஷமாகத் தகராறு. இதுவரை மூன்று மண்டை உடைந்திருந்தது. இரண்டு போகம் நெல் கருகியிருந்தது.

இதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு கோணக்கரை அமைதிக் குழுவுக்கு. தலைவர் அங்குசாமி. செயலாளர் ஒச்சப்பன், எழுத்துக் கூட்டி வாசிப்பார். உறுப்பினர் பூலோகம், வாசித்ததைக் கேட்டு ஆச்சரியப்படுவார்.

ஒரு திங்கட்கிழமை தலைநகரத்திலிருந்து கனமான உறை ஒன்று வந்தது. நாட்டின் அமைதியிலும் பாதுகாப்பிலும் பெண்களின் பங்கு பற்றிய தேசியத் திட்டம், அறுபது பக்கம். வெள்ளிக்கிழமை மாலை அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். அதே வெள்ளிக்கிழமை காலையில் எட்டுக்கல்காரர்கள் கடைசிப் பேச்சுக்கு வருவதாக இருந்தது. அன்றைக்கும் முடியாவிட்டால் மறுநாள் கம்போடு வருவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒச்சப்பன் முதல் வரியை வாசித்தார். “இத்திட்டத்தை அடிமட்டம் வரை கொண்டு செல்ல வேண்டும்.”

“நம்ம ஊர்ல அடிமட்டம் எதுய்யா?” என்றார் அங்குசாமி.

“ஊர்க் கிணறுதாண்ணே. அதுக்குக் கீழே ஊரே கிடையாதே” என்றார் பூலோகம்.

திட்டத்தை வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கினார்கள். அடிமட்டத்தைத் தொட்டதா என்று சந்தேகம் வராமல் இருக்கக் கயிற்றை இரண்டு தடவை நன்றாக உலுக்கினார்கள். மேலே வந்தபோது மை கரைந்து, அறுபது பக்கத்தில் மூன்றே வரிதான் மிஞ்சியிருந்தது. மற்றதைத் தவளைகள் அமல்படுத்தும் என்று ஒச்சப்பன் குறிப்பு எழுதிக்கொண்டார்.

மிஞ்சியதில் ஒன்று: ‘பெண்களின் குரலுக்குச் செவி சாய்க்க வேண்டும்.’

“எந்தச் செவி?” என்று கேட்டார் பூலோகம்.

அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் இடது செவி என்று முடிவானது. அப்போதே மூவரும் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டார்கள். பூலோகம் ஆர்வத்தில் கொஞ்சம் அதிகமாகச் சாய்த்துவிட்டதால் நேராக நடக்க முடியவில்லை. வீட்டுக்குக் கிளம்பியவர் மூன்று முறை மாட்டுக்கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வரி: ‘அமைதியில் பெண்களுக்குச் சரிபாதிப் பங்கு தர வேண்டும்.’ அமைதி என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. காலையிலிருந்து உச்சி வரை ஒரு பாதி, உச்சியிலிருந்து பொழுது சாயும் வரை இன்னொரு பாதி என்று பிரித்தார்கள்.

அங்குசாமி, சாய்ந்த தலையோடு மனைவி பேச்சியம்மாளிடம் போனார். “ஏ பேச்சி, வெள்ளிக்கிழமை காலையில ஊர்ப் பொம்பளைங்க யாரும் பேசக் கூடாது. அது உங்க பங்கு. சர்க்கார் குடுத்தது.”

பேச்சியம்மாள் கருகிக்கொண்டிருந்த நாற்றை நினைத்து மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏங்க, ஊருக்கே தலைவர் நீங்க. உங்க பங்கை முதல்ல எடுத்துக்கிட்டாத்தானே மரியாதையா இருக்கும்?”

அங்குசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காலை அமைதி ஆண்களுக்கு என்று மாற்றினார்.

கடைசி வரி: ‘பேச்சுவார்த்தை மேசையில் பெண்களை அமர்த்த வேண்டும்.’ பள்ளிக்கூடத்து மேசையைத் தூக்கி வந்து புளியமரத்தடியில் போட்டார்கள். எத்தனை பெண்களை அது தாங்கும் என்று பார்க்க ஆறு மூட்டை தவிட்டை ஏற்றினார்கள். தாங்கியது.

வெள்ளிக்கிழமை காலை எட்டுக்கல் தலைவர் பத்து ஆட்களோடு வந்தார். கட்டுச்சோறு சுமந்துகொண்டு அவர் மனைவி முத்தரசியும் வந்திருந்தாள். அவர்கள் கண்டது இதுதான்: மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேச்சியம்மாளும் ஐந்து பெண்களும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே மூன்று ஆண்கள், கழுத்து ஒடிந்த மாதிரி, வாய் திறக்காமல் நின்றார்கள்.

“இவங்களுக்கு என்ன நோவு?” என்றாள் முத்தரசி.

“நோவு இல்லக்கா, சர்க்கார் உத்தரவு. ஏறி உட்காருங்க” என்றாள் பேச்சியம்மாள்.

முத்தரசி ஏறி உட்கார்ந்து ஒரு கை மொச்சையை எடுத்துக்கொண்டாள். “எங்க நாத்து இன்னும் நாலு நாள் தாங்காது தாயி.”

“எங்களதும் அதே கதிதான். மூணு நாள் நீங்க திறந்துக்கங்க, மூணு நாள் நாங்க திறந்துக்கிறோம்.”

“ஏழாம் நாளு?”

“மாடு குளிக்கட்டும்.”

மொச்சைகூட உரித்து முடியவில்லை. எட்டுக்கல் தலைவர் பதறிப்போய், “அங்குசாமி, உமக்கு இதுல சம்மதமா?” என்று கேட்டார்.

அங்குசாமிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. முதலில் தண்ணீர் எட்டுக்கல்லுக்கா! வாயைத் திறக்க முடியாததால் ‘இல்லை, இல்லை’ என்று பலமாகத் தலையாட்டினார். ஆனால் சாய்ந்த தலையை எப்படி ஆட்டினாலும் அது ‘சரி, சரி’ என்றுதான் இருந்தது. பூலோகமும் ஒச்சப்பனும் இன்னும் பலமாக மறுத்தார்கள். “மூணு பேரும் எவ்வளவு ஆசையாச் சம்மதிக்கிறாங்க!” என்று எட்டுக்கல் தலைவர் நெகிழ்ந்துபோய், பேச்சியம்மாள் எழுதி நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உச்சிப்பொழுது வருவதற்குள் மடை திறந்து தண்ணீர் ஓடியது.

மாலையில் வந்த பெண் அதிகாரி ஒப்பந்தத்தை இரண்டு முறை வாசித்தார். “ரெண்டு வருஷத் தகராறை ஒரே காலையில முடிச்சிருக்கீங்களே! நீங்க என்ன பண்ணீங்க?” என்று குழுவைக் கேட்டார்.

“நாங்க வாயை மூடிக்கிட்டிருந்தோம் மேடம்” என்றார் அங்குசாமி.

அதிகாரி அதை ரொம்பவும் பாராட்டி எழுதிக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது, “ஒண்ணே ஒண்ணு. இந்த ஒப்பந்தத்தை மட்டும் எந்தக் காலத்துலயும் கைவிட்டுடாதீங்க” என்றார்.

மூவரும் ஓடிப்போய் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். அரசாங்கக் காகிதத்தை ஒற்றைக் கையால் பிடிப்பது மரியாதை இல்லை என்பதால் இரண்டு கையாலும் பிடித்தார்கள். நாலாவது மூலை தொங்கியது. எட்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். ஒப்பந்தத்தில் தனக்கும் பாதி உண்டு என்று எட்டுக்கல் தலைவரே வந்து பிடித்துக்கொண்டார். சாப்பாட்டை மனைவிமார் ஊட்டினார்கள். முதுகு அரித்தால் வேப்பமரத்தில் தேய்த்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் பேச்சியம்மாளுக்கு ஊட்டி ஊட்டிக் கை சலித்தது. அவளே அதிகாரிக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டாள். ‘சம்பந்தப்பட்ட அனைவரும் ஒப்பந்தத்துடன் அலுவலகத்துக்கு நேரில் வரவும்’ என்று பதில் வந்தது.

நால்வரும் காகிதத்தை விரித்துப் பிடித்தபடியே பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார்ந்தால் காகிதம் மடங்கும் என்று நடுவிலேயே நின்றார்கள்.

கண்டக்டர் கத்தினார். “பெரியவங்களே, மேலே கம்பியைப் பிடிங்க! கீழே விழுந்துடப் போறீங்க!”

“முடியாது தம்பி, கையில அமைதி இருக்கு!” என்றார்கள் நால்வரும் ஒரே குரலில்.

டிரைவர் பிரேக் போட்டார்.