உட்கார மறுத்த வீரன்

முன்னொரு காலத்தில் கோடைமங்கலம் என்றொரு நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்காகச் சொல்வது. காலையில் எழுந்ததும் வாயில் என்ன வருகிறதோ அதுதான் அந்த நாட்டில் சட்டம். ஒருநாள் வணிகன் ஒருவன் வீட்டு விருந்துக்குப் போன ராஜா, நிலைப்படியில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டான். மறுநாளே முரசறைந்துவிட்டார்கள். யாருக்கு எங்கே காயம் பட்டாலும் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்தான் பொறுப்பாம். இடம் காயம்பட்டவனுக்கே சேருமாம். இப்படியும் ஒரு சட்டம் உண்டா?

அமைச்சர் கூத்தபிரானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது அநியாயம் என்று அவர் நேராகவே சொல்லிப் பார்த்தார். ராஜா சிரித்தான். பக்கத்தில் நின்ற தளபதி சேந்தன் அதைவிடப் பலமாகச் சிரித்தான். ராஜாவுக்குப் பக்கத்து இருக்கையில் அமைச்சர் உட்கார்ந்திருப்பது எப்போதும் அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

சட்டம் கடைசியில் செம்பாயி தலையில் விழுந்தது. ஊர்க் கோடியில் சேவல் வளர்த்துப் பிழைக்கிறவள் அவள். ஒரு மண்வீடு, சுற்றிலும் சுவர், காவலுக்கு மல்லன் என்று ஒரு நாய். அரண்மனைக் காவல் வீரன் உறுமன், தளபதியின் மைத்துனன், அவளுடைய சண்டைச் சேவல் மேல் ஆசைப்பட்டுச் சுவரேறிக் குதித்தான். மல்லன் சும்மா விடுமா? கடித்துக் குதறிவிட்டது. சேவலோடு தப்பித்த அந்தத் தடியன் வெட்கப்பட்டு மூலையில் கிடந்தானா என்றால் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கப் போனேன், நாயை ஏவிவிட்டாள் என்று சபையிலே வந்து முறையிட்டான்.

ராஜா கொட்டாவி விட்டபடியே தீர்ப்புச் சொன்னான். வீடு உறுமனுக்கு. நாயைக் கொன்றுவிட வேண்டியது.

செம்பாயி முன்னால் வந்தாள். "மகாராசா, தண்ணி கேட்டு வர்றவன் வாசல்ல நின்னு கூப்பிடுவான். இவன் செவுரேறிக் குதிச்சான். என் சேவலையும் காணோம். திருட வந்தவனுக்கு வீட்டையே தூக்கிக் குடுத்தா, நாளைக்கு ஊர்ல இருக்கிற திருடனெல்லாம் நாய் வளக்கிற வீடா பாத்துத்தான் வருவான்."

வாயாடுகிறாள் என்று சொல்லி அவளைத் தள்ளி நிறுத்தினார்கள். கூத்தபிரானுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கோபத்தைக் காட்டினால் இந்த ராஜா சிரிப்பான் என்பது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தளபதியிடம் திரும்பி, தங்கள் மைத்துனர் நாயைக் கண்டு ஓடினாரோ என்று பணிவாகக் கேட்டார்.

தளபதிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓடுவதா? எங்கள் வம்சத்தில் புறமுதுகு காட்டியவன் கிடையாது. வெறுங்கையோடு நாய்க்கு எதிரே நின்றான்."

"அப்படியானால் இது விழுப்புண் அல்லவா, அரசே" என்றார் அமைச்சர். "மார்பு காட்டி நின்று காயம்பட்ட வீரனுக்கு வீடு மட்டும் போதுமா? தாங்களே சபையில் உட்கார வைத்து, காலில் வீரக்கழல் கட்ட வேண்டாமா?"

ராஜாவுக்கு விழா என்றால் போதும். தூக்கம் பறந்துவிட்டது. கழலும் மேளமும் வந்தன. பட்டு விரித்த ஆசனத்தைப் போட்டு, உட்கார் என்றான்.

உறுமன் உட்காரவில்லை. நின்றே கட்டிக்கொள்கிறேன் என்றான். நெற்றியெல்லாம் வியர்வை. ராஜா கொடுத்த ஆசனத்தை மறுப்பதா என்று மகுடவர்மன் கண்ணை உருட்டினான். தளபதியே மைத்துனன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான். அடுத்த நொடி உறுமன் "ஐயோ" என்று அலறித் துள்ளி எழுந்தான். வெள்ளைப் பட்டில் ரத்தம்.

"விழுப்புண் உட்காரும் இடத்திலா வரும், தளபதியாரே?" என்றார் கூத்தபிரான். "இது புறப்புண். ஒரு நாய்க்குப் புறமுதுகு காட்டியவன் இடுப்பில் அரண்மனை வாள் எதற்கு?"

சபை கொல்லென்று சிரித்தது. கோழை என்ற பேச்சைத்தான் உறுமனால் தாங்க முடியவில்லை. "நான் ஒண்ணும் பயந்து ஓடலே. ரெண்டு கையாலயும் சேவலைப் புடிச்சிருந்தேன். அப்புறம் எப்படித் திரும்பி நின்னு அடிக்கிறது?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. ராஜா ஆத்திரத்தோடு சாட்டையைக் கொண்டுவரச் சொன்னான். கூத்தபிரான் குறுக்கே போய் நின்றார். இப்போது அவர் குரலில் பணிவு துளியும் இல்லை.

"அவனை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை, அரசே. வந்தவன் திருடனா நல்லவனா என்று தங்கள் சட்டம் கேட்பதில்லை. நாய் கடித்த புண் இப்போது தங்கள் ஆசனத்தில் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. இடம் யாருடையது? அரண்மனையை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். இந்த அம்மாவோடு சேர்ந்து தெருவில் நிற்கலாம்."

மகுடவர்மன் ரத்தக் கறையைப் பார்த்தான், செம்பாயியைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தன் வாயாலேயே பழைய சட்டத்தை ரத்து செய்தான். வாசலில் நின்று கேட்டு வருகிறவனை நாய் கடித்தால் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவரேறி வந்தவனைக் கடித்தால் கடிபட்டவனே பொறுப்பு என்று புதுச் சட்டம் போட்டான். உறுமனின் வாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். பொய்க்குத் துணைபோன தளபதி, சேவலைத் தானே சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. அமைச்சருக்கு முத்துமாலையை நீட்டினான் ராஜா. கோபம் ஆறட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உச்சி வெயிலில் சேந்தன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செம்பாயி வீட்டு வாசலில் நின்றான். தெருவே வேடிக்கை பார்த்தது. உள்ளே மல்லன் உறுமியது.

"அம்மா, உள்ளே வரலாமா?" என்றான் தளபதி.

"வேண்டாம்" என்றாள் செம்பாயி. "சேவலை அங்கயே விட்டுட்டுப் போ."